மேரி கார்ப்பெண்டர் அம்மையார்

தோட்டத்திலே களை முளைத்தால் அதனைப் பறித்தெறிவதும், கொடி தளர்ந்து தரையிற் சாய்ந்தால் அதற்குக் கொழுகொம்பு நாட்டுவதும் தோட்டக்காரன் தொழிலாம். இவ்விரண்டையும் பகுத்தறியாதவன் கொடியையே களையென்று பிடுங்கிவிடுவான். இளமையிற் பிழைசெய்த சிறாரை உலகம் நெடுங்காலம் இவ்வாறே பிடுங்கியெறிந்து வந்தது. அவ்வழக்கத்தை மாற்றுதற்பொருட்டுத் தம் வாழ்நாளைச் செலவிட்டவருள் ஒருவர் மேரி கார்ப்பெண்டர் அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

அம்மையார் 1807-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸிடர் நகரிற் பிறந்தார். தந்தையார் லாண்ட் கார்ப்பெண்டர், யூனிட்டேரியன் என்னும் கிறிஸ்தவ சமயப்பிரிவின் போதகர். 1817-இல் பிரிஸ்டல் நகரிற் குடியேறிப் பள்ளியொன்றும் நடத்தினார். பெண்களுக்கு உயர்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தே, மேரி அப்பள்ளியில் ஆண்பிள்ளைகளோடு ஒக்க அமர்ந்து இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கைநூல் ஆகியவற்றைக் கற்றார். 1829-இல் தாயாரோடும் தங்கையரோடும் சேர்ந்து பிரிஸ்டலிற் பெண்பள்ளி ஒன்று தொடங்கினார்.

1833-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு பெரியோர் தொடர்பு உண்டாயிற்று. ஒருவர் நம் நாட்டு இராஜா ராம்மோகன் ராய். அவர் பிரிஸ்டலுக்கு வந்திருந்து, செப்டம்பர் 27-ஆம் நாள் அந்நகரின் அயலிலேயே உயிர்நீத்தார். மற்றொருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜோசப் டக்கர்மன். மேரி அவருடன் நகரின் சந்தொன்றில் நடந்துசெல்லுங்கால், கந்தலுடுத்த சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடி மறைந்தான். அச்சிறுவனைப் பின்தொடர்ந்து அவன் இல்லத்திற்கே சென்று, அவன் நிலையை அறிதல் வேண்டுமென்று டக்கர்மன் கூறினார். அச்சொல் மேரியின் உள்ளத்திற் பசுமரத்தாணிபோற் பதிந்தது. 1835-இல் ஏழைகளின் வீடுதோறுஞ் சென்று உதவும் சங்கமொன்றை நிறுவி, இருபது ஆண்டிற்கு மேலாக அதன் செயலாளராய் உழைத்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில், பசியால் அப்பந்திருடிய சிறுவனும் பழுத்த கள்வனும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர். சிறுவன் வெளிவரும்போது முன்னறியாத களவுத்தொழிலின் நுட்பங்களைக் கற்று வெளிவந்தான். அரசு தன் செலவிலே கள்வரைப் பயிற்றுவித்தது என்றே சொல்லலாம். பிற பள்ளிகள் ஏற்க மறுத்த இச்சிறார்க்கென்றே அம்மையார் 1846-ஆம் ஆண்டு ஆகஸ்டில், லூயின்ஸ் மீட் என்னும் ஏழைப்பகுதியில் இலவசப் பள்ளியொன்றைத் திறந்தார். இத்தகையவற்றைக் கந்தற்பள்ளி என்று அந்நாட்டார் வழங்கினர். பிள்ளைகள் கூச்சலிட்டனர், சண்டையிட்டனர், நினைத்தபோது எழுந்து ஓடினர். அம்மையாரோ சலியாது அவர்க்கு எழுத்தறிவித்தார்.

இவ்வனுபவத்தின் பயனாக 1851-இற் சீர்திருத்தப்பள்ளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வறிய சிறார்க்கு இலவசப் பகற்பள்ளி. தெருவில் திரிந்து இரப்பார்க்கு உணவும் தொழிலும் அளிக்கும் பள்ளி. குற்றஞ்செய்தார்க்குச் சிறைக்கு மாறாகச் சீர்திருத்தப்பள்ளி என மூவகைப் பள்ளிகளை அந்நூல் வேண்டிற்று. அவ்வாண்டு டிசம்பரில் இப்பொருள்பற்றிப் பர்மிங்காம் நகரில் மாநாடு கூடியது. அதனைக் கூட்டுவித்தவருள் முதன்மையானவர் அம்மையாரே. எனினும் ஆடவர் அவையிற் பெண் பேசுதல் தகாதென்னும் அக்கால வழக்கிற்கு அடங்கி, ஆண்டு அவர் வாய்திறந்திலர். பிற்காலத்தில் அக்கட்டைத் தாமே அறுத்துப் பல அவைகளிற் பேசினார்.

சொன்னதைச் செய்துகாட்டல் வேண்டுமென்று, 1852-இற் பிரிஸ்டலையடுத்த கிங்ஸ்வுட்டிற் சீர்திருத்தப்பள்ளி நிறுவினார். அன்பர் ஒருவர் வாங்கியளித்த அக்கட்டடம் முன்பு ஜான் வெஸ்லியின் பள்ளியாயிருந்தது. அங்கே பிரம்பினும் அன்பே பெரிதாயிற்று. படிப்போடு தோட்டவேலையும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. தனக்கென ஒன்றும் இல்லாதவன் பிறர்பொருளின் அருமையை அறியான். ஆதலின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனதென்று சொல்லிக்கொள்ளச் சிறிது பொருளேனும் இருத்தல் வேண்டும் என்பது அம்மையார் கொள்கை. முதலில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கே இருந்தனர். அது நடத்தற்கரிதென்று கண்டமையால், 1854-இற் பெண்பிள்ளைகளுக்கென ரெட் லாட்ஜ் என்னும் தனிப்பள்ளி திறக்கப்பட்டது. அம்மாளிகையை வாங்கியுதவியவர் கவிஞர் பைரனின் மனைவியார்.

அதே 1854-ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இத்தகைய பள்ளிகளை ஏற்றுச் சட்டம் இயற்றியது. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு முள் இருந்தது. சீர்திருத்தப்பள்ளிக்குச் செல்லும் சிறுவன் முதலிற் பதினான்கு நாட்களேனும் சிறையிற் கிடந்தே தீரவேண்டும் என்பதே அது. குற்றத்திற்குத் தண்டம் வேண்டுமன்றோ என்றனர் ஒரு சாரார். சிறையின்றிப் பள்ளி கிடைக்குமாயின், இலவச உணவும் கல்வியும் பெறவே ஏழைப் பெற்றோர் தம் மக்களைக் குற்றத்திற் புகுத்துவர் என்றனர் பிறர். அம்மையார் இவற்றிற்கு இசைந்திலர். சிறைக்குறி ஒருமுறை பட்ட பிள்ளை தன்மானம் இழந்துவிடும். இழந்த மானத்தை மீட்டலே ஆசிரியர்க்கு எல்லாவற்றினும் அரிய பணி என்று வாதிட்டார். சாந்துணையும் இதனையே வற்புறுத்தினார். அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டு கழிந்தபின், 1899-இலேதான் அவ்விதி நீங்கியது.

அறுபது வயதை அணுகுங்காலத்தில், 1866-இல், அம்மையார் முதன்முறையாக இந்தியாவிற்கு வந்தார். பம்பாய், பூனா, சென்னை, கல்கத்தா முதலிய இடங்களிற் பள்ளிகளையும் சிறைகளையும் கண்டார். பெண்கல்வி பெருகப் பெண் ஆசிரியர்க்குப் பயிற்சிப்பள்ளிகள் வேண்டுமென்றும், சிறார்க்குச் சிறையன்றிச் சீர்திருத்தப்பள்ளி வேண்டுமென்றும் அரசினரை வற்புறுத்தினார். பின்னும் மும்முறை வந்தார். 1876-இல் இந்தியச் சீர்திருத்தப்பள்ளிச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்பின் சென்னை மாகாணத்திற்கெனச் செங்கற்பட்டில் அத்தகைய பள்ளி ஏற்பட்டது.

அம்மையார் மணஞ்செய்திலர், 1858-இல் ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்தார். 1877-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். இராஜா ராம்மோகன் ராயின் சமாதி அமைந்த ஆர்னோஸ் வேல் இடுகாட்டிலேயே அம்மையாரும் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

இனி, இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குற்றஞ்சாட்டிப் பிடிக்கப்பட்ட பதினெட்டு ஆண்டு நிரம்பாச் சிறாரைக் காவற்கொட்டடியிலோ சிறையிலோ வைத்தலாகாதென்று விலக்கியிருக்கின்றது. அம்மையார் வேண்டியதைச் சட்டம் தந்துவிட்டது. ஆனால் நாம் தந்தோமா? நம் குலத்துப் பிள்ளை தேர்வில் முதன்மை பெற்றால் ஆண்டுவிழாவில் மேடையேற்றிப் பரிசளிக்கின்றோம். கூர்நோக்கு இல்லத்திற்குச் சென்று மீண்ட பிள்ளையையோ, குலத்திற்கு இழுக்கென்று கூறி வாயிலிலே நிறுத்துகின்றோம். அவன் தமக்கைக்கு வந்த மணப்பேச்சையும் கைவிடுகின்றோம். சட்டம் நீக்கிய அப்பதினான்கு நாட்சிறையை நாம் அவன் வாழ்நாள் முழுமைக்கும் நீட்டிவிடுகின்றோம்.

ஆதலின், சங்கத்தின் கல்வியுதவியுள் ஒரு பகுதி, இடையிற் படிப்பிழந்து மீண்ட பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். தொழில்நடத்தும் அன்பர்கள் உரிய வயது நிரம்பிய ஒருவனையேனும் அழைத்துத் தொழில் பழக்குதல் வேண்டும். பெரியோர் இருவர் அவன் இல்லத்திற்கே சென்று நலம் வினாவி வருதல் வேண்டும். சந்தில் ஓடிய சிறுவனை எக்குடியினன் என்று மேரி வினவினாரல்லர். நாமும் நம்மவர் பிறர் என்று பாராது இதனைச் செய்தல் கடன். அடுத்த செயற்குழுவில் இதுபற்றி ஆராயுமாறு சங்கத்தாரை வணக்கத்துடன் வேண்டுகின்றோம்.