நாதமுனிகள்

இறைவனை இசையால் வழிபடுதல் உலகெங்கும் உள்ள வழக்கமாகும். மேனாட்டுத் தேவாலயங்களில் மாலை வழிபாட்டின்போது, ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவி முழங்கப் பாடகர் பலர் ஒருங்கு கூடித் துதிப்பாடல்களை இசைப்பர். நம் நாட்டில், திருச்சிராப்பள்ளியை அடுத்துக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விளங்கும் திருவரங்கத்தில், வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின்போது அரையர்கள் கைத்தாளம் ஒலிக்க ஆழ்வார்களின் பாசுரங்களைப் பாடுகின்றனர். அவ்விசை மரபை நிலைபெறச் செய்த பெரியார் நாதமுனிகள் ஆவர்.

நாதமுனிகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். வீராணம் ஏரிக்கரையை அடுத்த வீரநாராயணபுரம் அவர் பிறந்த ஊர். இந்நாளில் அது காட்டுமன்னார்கோயில் என வழங்குகிறது. வேதத்திலும் யோகத்திலும் இசையிலும் தேர்ந்த அவர், அவ்வூர்த் திருக்கோயிலில் தொண்டு புரிந்துவந்தார்.

ஒருநாள் அடியார் சிலர் அக்கோயிலுக்கு வந்து, திருக்குடந்தைப் பெருமானைப் போற்றும் பத்துப் பாசுரங்களைப் பாடினர். அவை ஆயிரம் பாசுரங்களுள் ஒரு பத்து என்பது பாட்டின் இறுதியால் விளங்கிற்று. எஞ்சியவற்றையும் பாடுமாறு நாதமுனிகள் வேண்டினார். தாம் அறிந்தவை அப்பத்தே என்று அவர்கள் கூறினர். ஓதுவார் அருகியமையால் அருந்தமிழ்ச் செல்வம் மறைந்துபோயிற்று என்பதை உணர்ந்து அவர் உள்ளம் வருந்தினார். அதனைத் தேடிப் புறப்பட்டார்.

திருக்குடந்தை சென்று, பின்னர் நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூரை அடைந்தார். ஆங்குப் பராங்குசதாசர் என்பவர், மதுரகவியாழ்வார் பாடிய பதினொரு பாசுரங்களை அவருக்குக் கற்பித்தார். அவற்றை நாதமுனிகள் புளியமரத்தடியில் அமர்ந்து 12,000 முறை ஓதினார் என்றும், நம்மாழ்வார் யோகநிலையில் தோன்றி நாலாயிரம் பாசுரங்களையும் அருளினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும்.

பெற்ற செல்வத்தைத் தம்மளவில் வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. பாசுரங்களை நான்கு பகுதிகளாக வகுத்தார். அவற்றுள் மூன்று இசைப்பா, ஒன்று இயற்பா. இசைப்பாக்களுக்குப் பண்ணும் தாளமும் அமைத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் தம் மருமக்கள் இருவருக்கும் கற்பித்தார். அவர்கள் வழியே அரையர் மரபு வளர்ந்தது.

திருவரங்கத்தில் திருவாய்மொழியை ஓதும் இராப்பத்து விழாவைத் திருமங்கையாழ்வார் ஏற்படுத்தினார் என்றும், ஏனைய பாசுரங்களுக்குரிய பகற்பத்தை நாதமுனிகள் சேர்த்தார் என்றும் வைணவ மரபு கூறும். இராப்பத்து நாட்களில் பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்தில் எழுந்தருளுவார். கூம்பிய குல்லாய் அணிந்த அரையர்கள் திருமுன் நின்று பாசுரங்களைப் பாடுவர், அபிநயம் காட்டுவர், பொருளும் உரைப்பர். இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழும் அவ்விடத்தே ஒன்றுகூடும்.

நாதமுனிகள் நியாயதத்துவம், யோகரகசியம் என்னும் வடமொழி நூல்களை இயற்றினார். அவை இன்று முழுமையாகக் கிடைத்தில. ஆனால், அவர் மீட்டுப் பிறர் நாவில் ஏற்றிய தமிழ்ப் பாசுரங்களோ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அழியாதிருக்கின்றன. முன்னோர் வைத்த செல்வம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஒரு தலைமுறையினர் கற்று அடுத்த தலைமுறையினர்க்குக் கற்பித்தால்தான் அது வாழும். இவ்வுண்மையை நாதமுனிகளின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.