சுகர் நோயாளிகளின் மரணங்களை எண்ணிய டாக்டர்: யார் இந்த எலியட் ஜோஸ்லின்?

சுகருக்கு மாத்திரை எழுதும் டாக்டர், ஈசிஜியும் எடுத்துட்டு வரச் சொல்வது ஏன்? இதற்கான பதில், பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவந்த பேரேடுகளில் இருக்கிறது.

எலியட் ஜோஸ்லின் 1869-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் படிக்கும்போதே, 1893-ல் ஒரு சுகர் நோயாளியின் விவரங்களைப் பேரேட்டில் எழுத ஆரம்பித்தார். அந்தப் பழக்கத்தை அவர் விடவே இல்லை. அவருடைய அம்மாவுக்கும் சுகர் இருந்தது.

அப்போது மருந்து கிடையாது. பட்டினிக்கு நெருக்கமான பத்தியம்தான் சிகிச்சை. 1922-ல் இன்சுலின் வந்தது. அதை அமெரிக்காவில் முதலில் பயன்படுத்திய சிலரில் ஜோஸ்லினும் ஒருவர்.

பேரேடு காட்டியது என்ன?

நோயாளி இறந்த பிறகும் ஜோஸ்லின் கணக்கை மூடவில்லை. எத்தனை வயதில், எதனால் இறந்தார் என்று விசாரித்துப் பதிந்தார். மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள் அதை அலசினார்கள்.

இன்சுலினுக்கு முன்பு, இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சுகரால் கோமாவுக்குப் போனவர்கள். பிறகு அந்த மரணங்கள் ஒருசில சதவீதமாகக் குறைந்தன. ஆனால் இதயமும் ரத்தக்குழாயும் கெட்டு இறப்பவர்களே பெரும்பான்மை ஆனார்கள். சுகரைச் சமாளித்து நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கு ஹார்ட் அட்டாக் காத்திருந்தது. 1962-ல், 92 வயதில் ஜோஸ்லின் இறந்தபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை.

அதன் பிறகு?

1970-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டோல்புட்டமைடு என்ற சுகர் மாத்திரை எடுத்தவர்களிடம் இதய மரணங்கள் கூடுதலாக இருந்தன. முடிவு பெரிய சர்ச்சையானது. 2008-ல்தான், புதிய சுகர் மருந்துகள் இதயத்துக்குக் கேடில்லை என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்காவின் எஃப்டிஏ கேட்டது. அப்படி நடந்த ஒரு சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள டைப் 2 நோயாளிகள் சுமார் 7,000 பேரில், எம்பாக்ளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் இதய மரணங்கள் 38% குறைவாக இருந்தன.

நமக்கு என்ன?

ஐசிஎம்ஆரின் 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சுகர் உள்ளது. எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததால், இங்கே அதன் விலையும் குறைந்திருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் மாத்திரை இல்லை. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் சுகர் அளவோடு நிறுத்தாமல் பிபி, கொலஸ்ட்ரால், கிட்னி, இதயம் பற்றியும் கேளுங்கள்.