சியென் ஷியுங் வூ அம்மையார்

பலரும் ஒப்புக்கொண்ட கொள்கையாயினும், அஃது உண்மைதானா என்று சோதித்தறிதலே ஆராய்ச்சியாளர்க்கு அழகாகும். அவ்வழகு நிரம்பப் பெற்ற வூ அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவ்வம்மையார் சீன தேசத்தில், ஷாங்காய் நகரையடுத்த லியூஹே என்னும் ஊரில் 1912-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். பெண்கல்வி அருகியிருந்த அக்காலத்தில் அவர்தம் தந்தையார் பெண்மக்கட்கெனப் பள்ளியொன்று நிறுவினார். அம்மையார் முதற்கண் பயின்றதும் ஆண்டேயாம். 1934-இல் நான்கிங் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, 1936-இல் கப்பலேறி அமெரிக்காவை அடைந்து, 1940-இல் பெர்க்லியில் டாக்டர் பட்டமும் எய்தினார். பின்னர் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் அமர்ந்து, அணுக்கருவினின்று எலெக்ட்ரான் வெளிப்படும் பீட்டாச் சிதைவைப் பற்றிய ஆராய்ச்சியில் இணையற்றவராய் விளங்கினார்.

இயற்கை வலம் இடமென்னும் வேற்றுமை பாராட்டுவதில்லை என்பது பௌதிக நூலார் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை. பம்பரமொன்றைக் கண்ணாடிமுன் சுழற்றினால், அதன் பிம்பம் எதிர்முகமாய்ச் சுழலக் காண்கிறோம். பிம்பத்திற் காண்பதும் உலகில் அவ்வாறே நிகழக்கூடும் என்று அவர்கள் நம்பினர். பீட்டாச் சிதைவைப் பொறுத்தமட்டில் இந்நம்பிக்கை சோதிக்கப்படவேயில்லை என்பதை 1956-இல் லீ, யாங் என்னும் சீன அறிஞரிருவர் எடுத்துக்காட்டினர். சோதித்தல் வீண் வேலையென்று கருதினோர் பலர். அம்மையாரோ, கணவருடன் செல்லவிருந்த கீழ்நாட்டுப் பயணத்தையும் கைவிட்டுச் சோதனையில் இறங்கினார்.

வாஷிங்டனிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் நால்வரோடு கூடி, கோபால்ட் 60 என்னும் கதிர்வீசும் பொருளைத் தனிப் பூச்சியத்திற்கு மேல் ஏறக்குறைய 0.01 டிகிரி வரை குளிர்வித்தார். அக்கடுங்குளிரில், நாற்புறமும் நோக்கிச் சுழலும் அணுக்கருக்களைக் காந்தத்தால் ஒரே திசை நோக்கி நிறுத்துதல் கூடும். பழங்கொள்கை மெய்யாயின், எலெக்ட்ரான்கள் இருமுனையிலும் ஒத்த அளவில் வெளிப்படல் வேண்டும். அவையோ ஒருமுனையில் மிகுந்தும் மறுமுனையிற் குறைந்தும் வெளிப்பட்டன! காந்தத்தின் திசையை மாற்றவே மிகுதியும் முனை மாறிற்று. பொருள் சூடேறவே வேற்றுமை மறைந்தது. 1957 ஜனவரியில் இம்முடிவு வெளியாக, அறிஞருலகம் திகைத்தது.

அவ்வாண்டின் நோபெல் பரிசு லீ, யாங் இருவர்க்கே கிட்டியது. சோதித்து நிறுவிய அம்மையார்க்குப் பங்கில்லை. இது நீதியன்று என்பதே நம் கருத்து. அம்மையாரோ உழைப்பிற் சோர்ந்தாரல்லர். ஓர் அணுக்கரு ஒருங்கே இரண்டு எலெக்ட்ரான்களை வெளியிடும் அரிய சிதைவு, நியூட்ரினோ இன்றியும் நிகழுமாயின் மற்றொரு பெருவிதி பொய்யாகும். அதனைத் தேடி, வானினின்று வரும் கதிர்கள் இடர்செய்யாவண்ணம், ஒஹையோ நாட்டு உப்புச் சுரங்கத்தின் ஆழத்தில் கால்சியம் 48-ஐச் சோதித்தார். அஃது அங்குத் தென்படவில்லை. அத்தேட்டம் இன்றும் ஓயவில்லை.

1973-இல் அவர் தாயகம் மீண்டபோது பெற்றோரிருவரும் மறைந்திருந்தனர். கப்பலேறிய நாளுக்குப்பின் அவர்களைக் காணும் பேறு வாய்க்கவேயில்லை. 1978-இல் உல்ப் பரிசு அவரை வந்தடைந்தது. 1997 பிப்ரவரி 16-இல் நியூயார்க்கில் உயிர்நீத்தார். அவரது சாம்பல், தந்தையார் நிறுவிய அப்பள்ளியின் முற்றத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

எல்லோரும் நம்புகின்றனர் என்பது ஒன்றற்குச் சான்றாகாது. சோதனைச் சாலையிற் புகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.