ஒரு தடவை எழுதினால் போதும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் எனக்குப் பைதன் பாடத்தில் மிகவும் பிடித்தது சார்பு. அது என்னவென்று உம்மாவுக்கு விளக்க, புள்ளிப் பட்டியலையே உதாரணமாக எடுத்தேன். மூன்று பாடப் புள்ளிகளின் சராசரியைக் காணும் படிமுறைகளுக்கு ‘சராசரி’ எனப் பெயரிட்டு ஒரு தடவை எழுதி வைக்கிறோம். இது சார்பை வரையறுத்தல். பிறகு அந்தப் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் ஒரு மாணவியின் புள்ளிகளைக் கொடுத்தால் அவருடைய சராசரி கிடைக்கும். இது சார்பை அழைத்தல். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது தடவை அழைக்கலாம். மீண்டும் எழுதத் தேவையில்லை. அழைக்காவிட்டால், எழுதி வைத்தது சும்மா இருக்கும்.

இந்த வசதிக்காக உழைத்தவர்களுள் ஒருவர் கிறேஸ் ஹொப்பர்.

1906 இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், சிறுவயதில் எப்படி இயங்குகின்றன என்று பார்க்க ஏழு அலாரக் கடிகாரங்களைக் கழற்றிப் போட்டவர். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசார் மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடியிருந்தது, நிறையோ 15 இறாத்தல் குறைவு. ஆனாலும் விசேட அனுமதியுடன் 1943 இல் சேர்ந்தார். மறு வருடம் ஹார்வர்டில் 51 அடி நீளமான மார்க் 1 கணிப்பொறிக்குச் செய்நிரல் எழுதத் தொடங்கினார்.

அங்கே பிழையின்றி ஓடிய செய்நிரல் பகுதிகளைக் கொப்பிகளில் குறித்து வைத்து, தேவைப்படும்போது ஒருவர் மற்றவரிடம் வாங்கிப் பார்த்து எழுதினார்கள். பின்னர் யுனிவக் கணினியிலும் இதே முறைதான். கையால் பார்த்து எழுதும்போது பிழைகள் நுழைந்தன. ‘பி’ என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிடும்.

கவனமாக எழுதுங்கள் என்று சொல்வதோடு ஹொப்பர் நிற்கவில்லை. பார்த்து எழுதும் வேலையையே கணினியிடம் ஒப்படைத்தார். செய்நிரல் பகுதிகளைக் காந்த நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறியீடு கொடுத்தார். குறியீட்டை எழுதினால் கணினியே அப்பகுதியைத் தேடி எடுத்து உரிய இடத்தில் சேர்த்துவிடும். 1952 இல் இயங்கிய இந்தத் தொகுப்பானின் பெயர் ஏ-0. கணினிக்குக் கணக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியிருந்த பலர் இதை நம்பவேயில்லை. அவர் தளரவில்லை. அவருடைய அடுத்த முயற்சிகள் கொபோல் மொழி உருவாக வழிவகுத்தன.

1986 இல், 79 ஆவது வயதில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1992 இல் காலமானார்.

மனிதக் கை களைக்கும், தவறும். அதைக் குறை சொல்லாமல் வேலை செய்யும் முறையை மாற்றினார் ஹொப்பர். அவரிடம் நான் கற்ற பெரிய பாடம் அதுதான்.