எல்லோருக்கும் ஒரே தோட்டம்!

மாலுமியாக இருந்தார். விவசாயம் செய்தார். பத்திரிகைக்கு எழுதினார். எதிலும் நிலைக்கவில்லை. அவர்தான் பிரடரிக் லா ஓம்ஸ்டெட். 1822-ல் அமெரிக்காவில் பிறந்தவர்.

1850-ல் இங்கிலாந்து போனார். பர்க்கன்ஹெட் என்ற ஊரில் ஒரு பூங்கா. அங்கே பணக்காரரும் ஏழையும் ஒன்றாக உலாவினார்கள். அந்தக் காட்சி அவர் மனதில் பதிந்துவிட்டது.

அப்போது நியூயார்க் நகருக்கு அயர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் கப்பல் கப்பலாக வந்துகொண்டு இருந்தார்கள். பாஷை வேறு, மதம் வேறு. எல்லோரும் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

"சென்டிரல் பார்க்" அமைக்கப் போட்டி வைத்தார்கள். 1858-ல் ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸ் என்ற கட்டிடக் கலைஞரும் கொடுத்த திட்டம் முதல் பரிசு பெற்றது.

பூங்காவின் குறுக்கே 4 சாலைகள் போகவேண்டும். அவற்றைப் பள்ளத்தில் இறக்கினார்கள். கீழே வண்டிகள்; மேலே பாலத்தில் ஜனங்கள்! நடுவே அகன்ற நடைபாதை. வருகிறவர்களும் போகிறவர்களும் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அந்த இடத்தில் "செனகா வில்லேஜ்" என்ற குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்கள் பலர் அங்கே சொந்த வீட்டில் வாழ்ந்தார்கள். 1857-ல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எல்லோருக்குமான தோட்டத்துக்கு, வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்!

முதுமையில் ஓம்ஸ்டெட்டுக்கு நினைவு தவறியது. 1903-ல் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

843 ஏக்கர் பூங்கா இன்றும் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. யார், எந்த நாடு என்று கேட்பாரும் இல்லை.