காணா ஒளியைக் கண்டவர்

சர் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வரலாற்றை எழுத நான் முற்பட்டதற்கு என் வீட்டிலுள்ள ஒரு சிறு பெட்டியே காரணம். அதனை இக்காலத்தார் ரவுட்டர் என்பர். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் பெருவழியில், வாவியை அணைந்து கிடக்கும் தன்னாமுனையில் என் வீடு இருக்கின்றது. பல்லாண்டு பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் என் பேத்தி மாலைதோறும் இணையவழி வகுப்பில் அமர்வாள். பின்னறையில் அவள் அமர்ந்த சிறிது நேரத்தில் திரையில் ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாய் அறுந்து வரும். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாதந்தோறும் கட்டணம் பெறும் நிறுவனத்தாரையே யான் நொந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் அந்தப் பெட்டி இருந்த இடத்தை உற்று நோக்கினாள். முன்னறை மூலையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னே, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அருகில் அதனை வைத்திருந்தவன் யானே. இரும்பு அலையைத் திருப்பி எறியும். நீர் அலையை விழுங்கும் என்று அவள் எனக்கே பாடம் சொன்னாள். இவற்றை முதலில் ஆராய்ந்து காட்டியவர் யார் என்று பின்னர் வினவினாள். மார்க்கோனி என்றேன் தயங்காமல். அவள் மெல்லச் சிரித்து, இத்தனை சிறிய அலைகளை மேசைமேல் வைத்து ஆராய்ந்தவர் கல்கத்தாவில் ஓர் ஆசிரியர் அல்லவா அப்பப்பா என்றாள். எனக்கு நாணம் உண்டாயிற்று. எத்தனையோ மாணவருக்குக் கம்பியில்லாத் தந்தியின் கதையைக் கூறியவன், அந்த ஆசிரியரின் பெயரை ஒருநாளேனும் வகுப்பில் உச்சரித்ததில்லை. இக்கட்டுரை அந்தக் கடனைச் சிறிதேனும் தீர்க்கும் முயற்சியாகும்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவர். அத்தகையோரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே அக்காலத்துப் பெருமை. ஆனால் தந்தையாரோ, தாய்மொழியை அறிந்து, தம் மக்களை அறிந்த பின்னரே பிறமொழி கற்க வேண்டும் என்னும் கொள்கையினர். மகனை வங்க மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே சிறுவனுக்கு ஒரு பக்கத்தில் தந்தையாரின் முஸ்லிம் பணியாளரின் மைந்தன் அமர்ந்தான். மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மைந்தன் அமர்ந்தான். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றின் கதைகளை அவர்களிடமிருந்து கேட்டே இயற்கையின்பால் தமக்கு ஆர்வம் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்திருக்கிறார். அத்தோழர்கள் வீட்டுக்கு வந்தால் அன்னையார் வேறுபாடு பாராது எல்லோருக்கும் உணவளிப்பார். வலை தோளில் ஏந்தி வாவிக்குச் செல்வோரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளிலே கற்பித்த எனக்கு, அவர் வாழ்வில் இப்பகுதியே மிகவும் இனிப்பது.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியை அடைந்தார். யேசு சபைக் குரவர் லாஃபோன் அடிகளார் அங்கே பௌதிகத்தைப் பரிசோதனைகளால் விளக்கி வந்தார். ஒரு கருத்தைச் சொல்லால் மட்டுமன்றிக் கருவியாலும் காட்ட வேண்டும் என்னும் பழக்கம் போஸுக்கு அவரிடமிருந்தே வந்தது. 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடல்நலம் இடங்கொடாமையால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கே ரேலி பிரபுவின் மாணவரானார். 1884இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார்.

இனி வருவதே அன்னாரின் நெஞ்சுரத்துக்குச் சான்று. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்குத் தரப்பட்டது. அவர் நியமனம் தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியையே அளிக்க முன்வந்தனர். போஸ் பதவியைத் துறக்கவில்லை, கூச்சலிடவுமில்லை. மூன்று ஆண்டுகள் குறைவின்றிக் கற்பித்தார்; ஆனால் ஊதியத்தை மட்டும் கையால் தொடவில்லை. அப்போது தந்தையாரின் கடன்கள் குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. 1887இல் அவர் அபலா அம்மையாரை மணந்தார். அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நகரத்தில் வாடகை கொடுக்க இயலாமையால் இருவரும் சந்திரநாகூரில் ஆற்றங்கரை வீடொன்றில் குடியிருந்தனர். பேராசிரியர் நாள்தோறும் ஹூக்ளி நதியைப் படகில் கடந்து புகைவண்டி ஏறுவார். தோணி வலித்துப் பிழைப்போர் வாழும் எங்கள் ஊரில் இதனைச் சொன்னால், அந்தக் கரங்களின் நோவை விளக்க வேண்டியதில்லை. இறுதியில் அரசாங்கமே பணிந்தது. முழு ஊதியமும் முற்காலத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கவே சென்றது.

1894இல், ஏறத்தாழ முப்பத்தாறாம் வயதில், ஆராய்ச்சியில் இறங்கினார். ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க வசதி ஏதும் இல்லை. சிறு அறையொன்று, உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர், அவ்வளவே. மின்காந்த அலைகள் உண்டென மாக்ஸ்வெல் கணிதத்தால் கூறியதை ஹெர்ட்ஸ் பரிசோதனையால் நிறுவியிருந்தார். ஆனால் அந்த அலைகள் நீண்டவை. நீண்ட அலையை ஆராயப் பெரிய ஆடிகளும் வில்லைகளும் வேண்டும். போஸ் எதிர்வழியில் சிந்தித்தார்: அலையைக் குறுக்கிவிட்டால் கருவியும் குறுகும் அன்றோ? ஐந்து மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளை அவர் உண்டாக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ் ஆகும்.

அந்தச் சிறிய அலைகளைக்கொண்டு, ஒளிக்குரிய இயல்புகள் யாவும் அவற்றுக்கும் உண்டென மேசைமேலேயே காட்டினார். உலோகத் தகட்டில் அவை தெறித்தன. கந்தகத்தாற் செய்த பட்டகத்தில் வளைந்தன. புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே உலோகத் தாள்களைச் செருகி, அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்தறிந்தார். முறுக்கிய சணல் நாரைக்கொண்டு அத்திசையைத் திருப்பியும் காட்டினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் நிகழ்த்திய காட்சியில், அலை சுவர்களை ஊடுருவிச் சென்று தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அறிஞர் அவைமுன் இவற்றை விளக்கிக் காட்டினார். 1899இல் இரும்பும் பாதரசமும் கூடிய அலையுணர் கருவியைப் பற்றி எழுதினார். 1901இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து மார்க்கோனி பெற்ற குறியை உணர்ந்த கருவி இவ்வழி வந்ததே என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் உண்மையை மிகைப்படுத்தல் ஆகாது. நெடுந்தூரச் செய்திப் போக்குவரத்தை உலகுக்கு உரிய தொழிலாக்கியவர் மார்க்கோனியே. போஸ் தேடியது அலையின் இயல்பை. மார்க்கோனி தேடியது அதன் பயனை.

கருவிகளுக்கு உரிமைப்பத்திரம் பெற்றுப் பொருள் ஈட்டும்படி இலண்டனில் ஒரு செல்வந்தர் அவரை வற்புறுத்தினார். அவர் இணங்கவில்லை. அறிவு யாவர்க்கும் பொது என்பது அவர் உறுதி. நண்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1904இல் அமெரிக்காவில் ஒரு பத்திரம் பெறப்பட்டபோதும், அதனால் அவர் ஒரு காசும் ஈட்ட முயலவில்லை. பொருள் இழப்பை மட்டுமா அவர் ஏற்றார்? புகழ் இழப்பையும் ஏற்றார். என்போன்ற ஆசிரியர் அவர் பெயரை மறந்ததும் அவ்விழப்பின் ஒரு பகுதியே.

அதன்பின் அவர் உள்ளம் தாவரங்களின்பால் திரும்பியது. தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். உடலியல் அறிஞர் சிலர் அவர் முடிவுகளை ஏற்க மறுத்தனர். அவற்றுட் சில இன்றும் ஐயத்துக்கு உரியனவே. ஆயினும் 1917இல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார்; 1920இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதீயில் உயிர் நீத்தார். மட்டக்களப்பார் அந்தத் தேதியை வேறொரு காரணத்தால் மறவார். 1978இல் பெருஞ்சூறாவளி எங்கள் கரையைத் தாக்கியதும் நவம்பர் 23 அன்றே.

நிற்க, என் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். பேத்தியும் யானும் அதனை இரும்பு அலுமாரிக்கு அப்பால், வீட்டின் நடுக்கூடத்தில் உயரமான மரத் தட்டின்மேல் ஏற்றினோம். சாய்ந்து கிடந்த அலைவாங்கிகளை நிமிர்த்தினோம். அதிர்வுத் திசை பற்றிப் போஸ் கற்பித்த பாடம் அதுவன்றோ? பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முகவரி வழியே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அண்டை வீட்டார் யாவரும் ஆறாம் அலைவரிசையிலேயே நெருங்கியிருந்தமையால், எம்முடையதைப் பதினொன்றுக்கு மாற்றினாள். ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்றும் தம்முள் மோதாதவை. அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தாள். கூடத்துக் கணினிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை. ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள அது விரைவுடையது, ஆனால் சீமெந்துச் சுவர் கடக்கையில் தளரும். பின்னறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. பன்னிரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள அது வேகம் குறைந்தது, ஆயினும் சுவரைக் கடந்து சேரும். வெளியிலிருந்து வரும் இணைப்பின் வேகம் இவற்றால் ஓரணுவும் கூடவில்லை; வீட்டுக்குள் வீணாய்ப் போனதையே மீட்டோம். நான் நொந்த நிறுவனத்தார்மீது பிழையில்லை. பிழை என் அலுமாரிக்குப் பின்னே இருந்தது.

அன்று மாலை ஆசிரியரின் குரல் அறாது ஒலித்தது. பாடம் முடிந்தபின், அந்த வங்கத்து ஆசிரியரைப் பற்றி நான் அறிந்தவற்றைப் பேத்திக்குக் கூறினேன். அறியாதவற்றை அவளே தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். மீனவச் சிறுவன் அருகிருந்து கேட்ட கதைகளிலிருந்து ஒருவர் காணா ஒளியைக் கண்டுபிடித்தார் என்று சொன்னபோது, அவள் வாவியின் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் மௌனமாயிருந்தாள். வகுப்பில் அப்பெயரைச் சொல்லும் காலம் எனக்குக் கடந்துவிட்டது; இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்குக் கடந்துவிடவில்லை.