எரிநட்சத்திரத்தின் வீட்டைக் கண்டுபிடித்த எஞ்சினியர்

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 12, 13 தேதிகளில், நடுநிசிக்கு மேல் வடக்கு வானத்தில் எரிநட்சத்திரங்கள் பாயும். பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வருவது போலத் தெரிவதால், இதற்குப் பெர்சீட் பொழிவு என்று பெயர். சரி, ஏன் வருஷா வருஷம் அதே தேதியில் வருது? விடை சொன்னவர் என்னைப் போலவே எஞ்சினியரிங் படித்தவர் என்று தெரிந்ததும், அவரைத் தேடித் தேடிப் படித்தேன். அவர்தான் ஜொவானி ஸ்கியாபரெல்லி.

1835இல் இத்தாலியின் சவிலியானோ ஊரில் பிறந்தார். டூரினில் பொறியியல் படித்து 1854இல் பட்டம் வாங்கினார். ஆனால் மனசு என்னவோ வானத்தில்தான். கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே வானியல் படித்தார். பிறகு அரசு உதவியோடு பெர்லினுக்கும் ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்துக்கும் போய்க் கற்றார். 1860இல் மிலானின் பிரேரா வானாய்வகத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அதன் இயக்குநர்!

அங்கே இருந்த கருவிகளோ பழசு. அதற்காக அவர் சும்மா உட்காரவில்லை. எரிநட்சத்திரங்களின் வேகத்தையும் திசையையும் வைத்து, அவை சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்குப் போட்டார். 1866இல் விடை கிடைத்தது. 1862இல் வந்த ஸ்விஃப்ட்–டட்டில் வால்நட்சத்திரத்தின் பாதையும் இதுவும் ஒன்றே! வால்நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் ஆண்டுதோறும் பூமி புகுந்து போகிறது. அந்தத் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி எரிகின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் உலகம் அவரை வேறொன்றுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறது. 1877இல் செவ்வாயில் கோடுகளைப் பார்த்து, நீரோடும் தடம் என்ற பொருளும் உள்ள இத்தாலியச் சொல்லால் குறித்தார். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று பலர் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் அந்தக் கோடுகளே பெரும்பாலும் கண் செய்த மாயம் என்று தெரிந்தது.

கண் பார்வை மங்கியதும் 1900இல் ஓய்வு பெற்றார். அப்போதும் படிப்பை விடவில்லை. பழங்கால மக்களின் வானியலை ஆராய்ந்தார். 1910இல் மிலானில் காலமானார்.

நம்மில் பலர், எடுத்த படிப்பு ஒன்று, ஆசை வேறொன்று என்று தவிக்கிறோம். ஸ்கியாபரெல்லிக்கு ஆசைப்பட்ட வானத்தைத் திறந்து கொடுத்தது அவர் படித்த கணக்குதான். அதனால் எடுத்த படிப்பை வெறுக்காதீங்க, ஆசையையும் விட்டுடாதீங்க.

நம் நாட்டிலிருந்து பார்த்தால் பெர்சியஸ் வடக்கே தாழ்வாகத்தான் தெரியும்; எண்ணிக்கையும் குறைவு. இருந்தாலும் பட்டணத்து வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போய், பாய் விரித்துப் படுத்துப் பாருங்க. தொலைநோக்கி வேண்டாம், பொறுமை போதும்.